பாடசாலை வழியும் மதுக்கடை அனுமதியும்



மலையகத்துச் சிறு நகரங்களில் மதுபானக் கடைகளுக்கு அனுமதி வழங்குவது பற்றியும், சிறப்பாகப் பாடசாலைகளின் அண்மையில் அவை அமைவது பற்றியும் இன்று சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறேன். மதுவின் தீமையை எடுத்துரைப்பது என் நோக்கமன்று. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். அதற்குமேல் நான் சொல்லக்கூடியது ஏதுமில்லை. பகலெல்லாம் மழையில் நனைந்து வேலை செய்து, மாலையில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு உறங்கப்போகும் தொழிலாளியைக் கடிந்துகொள்வதும் என் நோக்கமன்று. நான் எடுத்துக்கொண்டது ஒரு நிர்வாகக் கேள்வி. ஓர் ஊரில் மதுக்கடை எங்கே இருக்கலாம், எங்கே இருக்கலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அவ்வூரில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு அத்தீர்மானத்தில் என்ன இடம் உண்டு?

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை முதலிய ஊர்களை அறிந்தவர்கள் அவற்றின் அமைப்பைச் சற்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். சமவெளியிலே நான்கு திக்கிலும் பரந்து வளர்ந்த ஊர்கள் அல்ல இவை. வீதியொன்றின் இருமருங்கிலும் கடைகள் வைத்ததனால் உண்டானவை. ஒருபக்கம் மலைச்சரிவு ஏறும். மறுபக்கம் ஆறோ பள்ளமோ இறங்கும். அதற்கப்பால் தேயிலை. சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால் நகரம் விரிவதற்கு இடமில்லை. ஆகவே வங்கி, தபாற் கந்தோர், பஸ் நிலையம், கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, அடகுக்கடை, மருந்துக்கடை, சாராயக்கடை எல்லாம் அந்த ஒரே வீதியின் சிறு துண்டுக்குள் நெருங்கி நிற்கின்றன. வேறிடத்தில் என்றால், “இருநூறு யார் தள்ளி, அடுத்த தெருவில் வைத்துக்கொள்” என்று சொல்லிவிடலாம். இங்கே அடுத்த தெரு என்று ஒன்று பல ஊர்களில் இல்லை.

பாடசாலைக்கும் வழிபாட்டிடத்துக்கும் குறித்த தூரத்துக்குள் மதுபானக் கடை வைக்கலாகாது என்னும் விதி இலங்கையில் உண்டு. உலகின் பல நாடுகளிலும் இத்தகைய விதி உண்டு. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் மதுபான விற்பனை விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர், ஏனைய இடங்களில் 100 மீட்டர் என்று அத்தூரம் வகுக்கப்பட்டது. வணிகப் பகுதியென்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு அவ்விதியிலிருந்து விலக்கும் வைத்தார்கள். தூரம் என்பது கேட்பதற்கு எளிய சொல். அதனை அளப்பதிலேதான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

மலைப்பாங்கான ஊரில் ஒரு கடை பாடசாலைக்கு நேர்மேலே, அடுத்த வளைவில் இருக்கலாம். வகுப்பறை யன்னலிலிருந்து அக்கடையின் பெயர்ப்பலகையை வாசிக்கலாம். பறவை பறக்கும் வழியில் அளந்தால் நாற்பது மீட்டர் இருக்கும். மோட்டார் வண்டி செல்லும் வீதியிலே வளைந்து வளைந்து அளந்தால் அரைக் கிலோமீட்டர் வரும். இடையில் பிள்ளைகள் ஏறி இறங்கும் கற்படி ஒன்று இருக்கும். அது எந்த வரைபடத்திலும் இராது. இம்மூன்றில் எது தூரம்? அனுமதி கேட்பவருக்கு வீதித் தூரம் உவப்பானது. எதிர்ப்பவருக்கு நேர்த் தூரம் உவப்பானது. உண்மையான தூரம் பிள்ளையின் கால் நடக்கும் தூரமே என்பது என் கருத்து. கற்படி இருக்குமானால் கற்படி வழியாகத்தான் அளக்க வேண்டும்.

அவ்வாறு அளந்தாலும் விடயம் முடிந்துவிடாது. பட்டணத்துப் பாடசாலைக்கு வாசல் ஒன்று உண்டு. அவ்வாசலைச் சுற்றி வட்டம் கீறிவிடலாம். தோட்டத்துப் பிள்ளையின் நிலை வேறு. தோட்டப் பாடசாலைகளிற் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அதற்குமேல் படிக்க விரும்பும் பிள்ளை மேற்கணக்கிலுள்ள லயத்திலிருந்து விடிகாலையிலே புறப்பட்டு, தேயிலைக்குள் குறுக்குவழியாக இறங்கி, சந்திக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்துநின்று, நகரத்தில் இறங்கி மீண்டும் நடக்கிறது. பிற்பகலில் இதே வழி. பாடசாலை விட்டபின் பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் கடைவீதியிலேதான் நிற்க வேண்டும். அந்தச் சந்தியும் அந்தப் பஸ் தரிப்பிடமும் பாடசாலையின் வாசலிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். விதியின் கண்ணுக்கு அவை படுவதில்லை. ஆனால் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடம் அதுவே. தனியே நடந்துவரும் பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு கடந்துசெல்லும் இடமும் அதுவே. மதுக்கடைக்காரருக்கும் சந்தியே வேண்டும்; நான்கு தோட்டத்து ஆட்கள் வந்து சேரும் இடத்தை விட்டு, ஆளில்லாத இடத்தில் யார் கடை வைப்பார்?

இப்பொழுது இன்னொரு வகைக் கடையும் இதிலே சேர்ந்துகொண்டது. பழைய சாராயத் தவறணைக்குக் கம்பி வைத்த யன்னலும் மங்கிய விளக்கும் இருந்தன. அதற்குள் பிள்ளைகள் போவதில்லை. போனால் பார்த்தவர் அதட்டி விரட்டுவார். இன்றைய சுப்பர் மார்க்கெட்டோ அரிசி, பருப்பு, பால்மா, பென்சில், கொப்பி எல்லாம் விற்கும் அதே கூரையின்கீழ், ஒரு பக்கத்தை மறித்து மதுபானமும் விற்கும் அனுமதியைப் பெறுகிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைத் தடைசெய்கிறது, விளம்பரத்தையும் தடைசெய்கிறது. நல்ல சட்டம். எனினும் பென்சில் வாங்க வந்த பிள்ளையின் கண்ணெதிரே வரிசையாக அடுக்கிவைத்த போத்தல்களைவிட வேறு விளம்பரம் எதற்கு என்று ஒரு தாய் கேட்டால், அதற்கு அச்சட்டத்தில் விடை காண்பது எளிதன்று.

இந்தக் கேள்வி இன்று தோன்றியதன்று. கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்துக்கும் தவறணைக்கும் தொடர்பு உண்டு. அக்காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. கூடிய தொகை கேட்டவர் ஒரு பகுதியின் தவறணைகள் அனைத்தையும் எடுத்துக்கொள்வார். கொடுத்த தொகையையும் அதற்குமேல் இலாபத்தையும் குடிப்பவரிடமிருந்து ஈட்டுவார். தோட்டங்கள் நிறைந்த கண்டிப் பகுதிகளின் குத்தகைக்குப் போட்டி அதிகம். சம்பளம் வாங்கும் கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதும், வேறு பொழுதுபோக்கு இல்லாதிருப்பதும் அதற்குக் காரணம். ஆய்வாளர் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இலங்கையின் செல்வக் குடும்பங்கள் பலவற்றின் முதற்பொருள் சாராயக் குத்தகையிலே திரண்டதென்று விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். அச்செல்வம் பின்னர் நிலமாயிற்று, சுரங்கமாயிற்று, கொழும்பில் மாளிகையாயிற்று, பிள்ளைகளுக்கு இங்கிலாந்துப் படிப்புமாயிற்று. அதில் ஒரு பங்கு லயத்துத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வந்தது. அவன் பிள்ளைக்கோ கொழுந்துக் கூடை காத்திருந்தது. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்வது தோட்ட நிர்வாகத்தின் கடமையென்று ஒரு சட்டம் வந்ததே 1907இல்தான்.

1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் அதுவே. அச்சட்டத்தோடு ஊர் தோறும் கள்ளுத் தவறணைகள் புதிதாகத் திறக்கப்பட்டபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. டி. பி. ஜயதிலக, எஃப். ஆர். சேனாநாயக்க முதலியோர் அதில் முன்னின்றனர். பிற்காலத்தில் தேசியத் தலைவர்களாக விளங்கிய பலர் பொதுமேடை ஏறிப் பழகியது அவ்வியக்கத்திலே எனலாம். அதன் பயனாக 1920களில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டாயிற்று. ஒரு பகுதியில் தவறணை வேண்டுமா, வேண்டாமா என்று அப்பகுதி வாக்காளரையே கேட்பது என்பது அந்த ஏற்பாடு. வேண்டாமென்று போதிய தொகையினர் வாக்களித்தால் தவறணை மூடப்பட்டது. இவ்வாறு பல சாராயத் தவறணைகள் மூடப்பட்டன.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. இதே முறையை ஸ்கொத்லாந்து நாட்டிலும் 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்மூலம் கொண்டுவந்தார்கள். முதல் வாக்கெடுப்புகள் 1920இல் நடந்தன. விக் என்னும் மீன்பிடித் துறைமுக நகரம் 1922 முதல் 1947 வரை, இருபத்தைந்து ஆண்டுகள், மதுக்கடையே இல்லாமல் இருந்தது. நம்முடைய மலைகளிலே கிளாஸ்கோ என்றும், பால்மோரல் என்றும், ஹோலிரூட் என்றும், டன்சினேன் என்றும் தோட்டங்களுக்குப் பெயரிட்ட துரைமார் அந்நாட்டிலிருந்து வந்தவர்களே. தங்கள் ஊரிலே மீனவனும் அவன் மனைவியும் வாக்களித்து மதுக்கடையை மூடினார்கள் என்ற செய்தியைப் பங்களாவின் விறாந்தையிலிருந்து பத்திரிகையில் வாசித்திருப்பார்கள். கீழே லயத்திலிருப்பவனுக்கும் அந்த உரிமை வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளிக்கு உள்ளூர் விடயங்களில் குரலில்லாமற் போனது தற்செயலாக நேர்ந்ததன்று. 1937இல் கிராமசபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்ட லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் பாராளுமன்ற வாக்கையும் அகற்றிவிட்டன. குடியுரிமைப் பிரச்சினை 1988இலும் 2003இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் ஒருவாறு தீர்ந்தது. 1987இல் பிரதேச சபைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் தோட்ட நிலத்தில் சபைப் பணத்தைச் செலவிட முடியாதபடி அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இலேதான். அதே ஆண்டுத் தேர்தலோடு அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெரும் பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய சபைகள் புதிதாக உண்டாயின. சபைகளில் நான்கிலொரு பங்கு பெண்களுக்கு என்ற விதியும் அத்தேர்தலிலேதான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. நேற்றுவரை கொழுந்து பறித்த பெண்ணும் சபை உறுப்பினராக வந்து அமரும் காலம் பிறந்தது.

அவர் அங்கே அமர்ந்து, “எங்கள் சந்தியில் மதுக்கடை வேண்டாம்” என்று சொன்னால் என்ன நடக்கும்? அதுதான் கேள்வி. மதுக்கடைக்கு அனுமதி தருவது பிரதேச சபை அன்று. மதுவரித் திணைக்களமும், அத்திணைக்களம் சார்ந்த அமைச்சும், பிரதேச செயலாளரும் அதனைக் கையாளுகின்றனர். பொலிஸ் அறிக்கை கேட்கப்படும். பிரதேச செயலாளர் அரசாங்க உத்தியோகத்தர். பிரதேச சபையோ மக்கள் தெரிந்த மன்றம். பெயரில் ஒற்றுமை இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றென மயங்குவர். கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பதும், சாதாரண வியாபாரங்களுக்கு உரிமம் கொடுப்பதும், குப்பை அள்ளுவதும் சபையின் வேலை. கடை திறந்தபின் அதன் முன்னால் விழுந்து கிடக்கும் வெற்றுப் போத்தல்களை அகற்றும் பொறுப்பு சபைக்கு உண்டு. கடை திறக்கலாமா என்று சொல்லும் அதிகாரம் இல்லை. சபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றலாம். அத்தீர்மானம் ஒரு கடிதமாகப் போகும்.

அந்தக் கடிதம் போவதற்கும் வழியில்லாத ஒரு காலம் அண்மையில் இருந்தது. 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. தேர்தல் பின்போடப்பட்டு, 2025 மே மாதம் 6ஆம் திகதியே நடைபெற்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் மக்கள் பிரதிநிதிகள் இல்லை; செயலாளர்களே நிர்வாகத்தை நடத்தினர். அந்த இடைவெளிக்குள் வந்த 2024ஆம் ஆண்டில் நாடெங்கும் முந்நூற்றுக்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன என்ற விபரம், அவ்வாண்டு டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த பட்டியலால் வெளியாயிற்று. மத்திய மாகாணமும் அதில் அடக்கம். அனுமதி யாருடைய சிபாரிசால் யாருக்குக் கிடைத்தது என்பது பற்றி அரசியல் மேடைகளில் பெருஞ் சர்ச்சை நிகழ்ந்தது. அச்சர்ச்சைக்குள் நான் புகவில்லை. என் கவலை வேறு. கடையின் அனுமதி பற்றி ஊரவர் முறையிடுவதற்குரிய அண்மையான மன்றம் ஆளின்றிக் கிடந்த காலத்திலே இத்தனை அனுமதிகள் வழங்கப்பட்டன. ஒரு சில மாதங்கள் பொறுத்து, மன்றங்கள் கூடியபின் அவற்றின் கருத்தையும் கேட்டுக் கொடுத்திருந்தால் எந்த வியாபாரமும் கெட்டிராது.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது வருமானம். மதுவரி வருமானம் 2024இல் இருநூறு பில்லியன் ரூபாவைத் தாண்டியது. பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளப் பாடுபடும் நாட்டுக்கு அது பெருந்தொகை. இரண்டாவது உல்லாசப் பயணம். நுவரெலியா ஹோட்டல்களுக்கு வருபவர்களை மனத்தில் வைத்து இதனைச் சொல்வர். அது நுவரெலியாவுக்குப் பொருந்தலாம். அக்கரப்பத்தனையில் எந்த உல்லாசப் பயணி சந்திக்கடையில் கால்போத்தல் சாராயம் வாங்குகிறார் என்று தெரியவில்லை. மூன்றாவது நியாயமே பாரமானது. அனுமதிபெற்ற கடையைத் தடுத்தால் கசிப்பு பெருகும் என்பது அது. இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்தின் ஒதுக்குப்புறத்து ஓடையோரத்தில் காய்ச்சப்படும் கசிப்புக்குத் தூரமும் இல்லை, நேரமும் இல்லை, வயதும் இல்லை. லயத்தின் கடைசி அறைக்கே வந்துவிடும். சில குடும்பங்களின் பிள்ளைகள் அதைக் கொண்டுசெல்லும் வேலைக்கும் பயன்படுத்தப்படுகின்றனர். கசிப்பைவிட முத்திரையிட்ட போத்தல் உடலுக்குத் தீங்கு குறைந்தது என்பதும் மெய்.

ஆனால் இந்நியாயம் எதற்கு விடை, எதற்கு விடையன்று என்று பார்க்க வேண்டும். நாட்டில் மதுக்கடையே கூடாது என்பவருக்கு இது விடை. பாடசாலை வழியில் வேண்டாம், வேறிடத்தில் வையுங்கள் என்பவருக்கு இது விடையாகாது. கடை இருநூறு மீட்டர் தள்ளிப்போனதற்காக ஒருவரும் கசிப்புக்கு மாறுவதில்லை. வருமானமும் குறைவதில்லை.

பெண்களின் நிலையைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். தோட்டத்துச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டிக் கிடைப்பது வழக்கம். மனைவியின் சம்பளத்தையும் கணவனே கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வது நெடுங்காலம் பல தோட்டங்களில் நடந்துவந்தது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒவ்வோர் உயர்வுக்கும் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை ஆண்டு! அந்த உயர்வில் எவ்வளவு அரிசியாகவும் கொப்பியாகவும் வீட்டுக்கு வருகிறது, எவ்வளவு வரும் வழியிலேயே நின்றுவிடுகிறது என்பது பத்தாம் திகதி மாலையில் சந்திக்கடை எங்கே இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இந்நாட்டில் ஒரு விசித்திரமான விதியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் மதுவரி அறிவித்தலொன்று மதுபானக் கடையில் பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதனை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்வித்தார். பெண்ணுக்குப் போத்தல் விற்கலாமா என்று தலைநகரில் அவ்வளவு விவாதம் நடந்தது. பெண்ணின் உழைப்பு போத்தலாக மாறும் கடை எங்கே இருக்கலாம் என்று அவளைக் கேட்கலாமா என்பது பற்றி அன்று பேச்சே எழவில்லை.

அவளைக் கேட்கும் ஏற்பாடு உலகில் இல்லாததன்று. மகாராஷ்டிர மாநிலத்தில் ஊரவர் கோரினால் மதுக்கடை பற்றி வாக்கெடுப்பு வைக்கிறார்கள். எழுத்தறியாதவருக்கும் விளங்கும்பொருட்டு வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: நிமிர்ந்து நிற்கும் போத்தல் ஒன்று, படுத்துக் கிடக்கும் போத்தல் ஒன்று. வாக்காளர் இடாப்பிலுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த போத்தலுக்கு வாக்களித்தால் கடையை மூட வேண்டும். வாக்களிக்க வந்தவர்களில் பாதியன்று, இடாப்பிலுள்ளவர்களில் பாதி என்பதைக் கவனியுங்கள், கடுமையான நிபந்தனைதான். இருந்தும் பல ஊர்களில் பெண்கள் அதனை நிறைவேற்றிக் காட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறு விதமானது. நம் மக்களில் பலருடைய முன்னோர் புறப்பட்டுவந்த மாவட்டங்களில் ஒன்றான சேலத்திலேதான், 1937 அக்டோபர் முதலாந் திகதி, இராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதல் கொண்டுவந்தது. அதனால் இழந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அக்கொள்கை கைவிடப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசாங்கக் கழகமான டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. அனுமதி கொடுப்பவரும் விற்பவரும் ஒருவரே ஆனால், ஊரவர் யாரிடம் போய் முறையிடுவது? அதே சேலம் மாவட்டத்தவரான காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் கைத்தொலைபேசிக் கோபுரமொன்றில் ஏறிநின்று போராடியபோது உயிர்துறந்தார். பாடசாலைக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலிருந்த ஒரு மதுக்கடையை அகற்றுங்கள் என்பதே அவர் கேட்டது. நாட்டிலுள்ள கடைகளையெல்லாம் மூடு என்று அன்று அவர் ஏறவில்லை. ஒரு கடை, ஒரு பாடசாலை. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 15ஆம் திகதி, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைகள் இருக்கக்கூடாதென்று இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீதி விபத்துக்களைக் குறைப்பது அதன் நோக்கம். விளைவு என்னவாயிற்று? நெடுஞ்சாலையை விட்டு அகன்ற கடைகள் குடியிருப்புகளுக்குள்ளும் வயல்வெளிகளுக்குள்ளும் நுழையப் பார்த்தன. 2017இல் தமிழ்நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தனர். திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்தில் நடந்த போராட்டம் நாடறிந்தது. கிராமசபைகள் கூடித் தீர்மானங்கள் நிறைவேற்றின. ஓரிடத்தில் அளவுநாடாவை வைத்து விலக்கிய கடை, கேட்பாரில்லாத வேறோர் இடத்துக்குத்தான் போகும் என்பதை அந்த ஆண்டு நன்றாகக் காட்டிற்று. மலையகத்திலும் இதே அபாயம் உண்டு. ஹட்டன் நகரின் நடுவிலிருந்து விரட்டப்படும் கடை, எதிர்க்க ஆள் குறைந்த ஏதோ ஒரு தோட்டச் சந்திக்கு வந்துசேரும். ஆகையால் பாடசாலைக்கான விதியை வாசலோடு நிறுத்தாமல், பிள்ளைகள் பஸ் ஏறி இறங்கும் தரிப்பிடங்களையும் அவர்கள் நடக்கும் வழியையும் சேர்த்து எழுத வேண்டும். எந்த இடங்கள் அவை என்று கொழும்பிலிருந்து குறிக்க முடியாது. அந்தந்தச் சபை உறுப்பினருக்கும் பாடசாலை அதிபருக்குமே தெரியும். சபையின் கருத்துப் பெறாமல் புதிய அனுமதி வழங்கலாகாதென்று மதுவரிச் சட்டத்தில் ஒரு வாசகம் சேர்ப்பதற்குப் பெரும் புரட்சி எதுவும் வேண்டியதில்லை.

சட்டம் திருந்தும்வரை கைகட்டி நிற்கவேண்டும் என்பதும் இல்லை. சபை உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்துக் குழு அமைக்கப் பிரதேச சபைச் சட்டம் இடந்தருகிறது. பெற்றோர், அதிபர், கோவிற் பரிபாலகர், தோட்ட உத்தியோகத்தர் ஆகியோரைக் கொண்ட குழுவொன்று ஒரு சனிக்கிழமை காலையில் அளவுநாடாவோடு புறப்பட்டால், தங்கள் ஊரின் பாடசாலை வழிகளையெல்லாம் ஒரு தாளில் வரைந்துவிடலாம். மதுபான அனுமதிகள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுபவை. ஆண்டின் கடைசி மாதங்களுக்கு முன்னரே அந்த வரைபடம் பிரதேச செயலாளரின் மேசையில் இருக்கவேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்நாட்டுக் குடிமகன் எவரும் அரச அலுவலகத்திலிருந்து தகவல் கோரலாம். தமிழிலேயே கோரலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால், தகவல் உத்தியோகத்தர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்கவும் வேண்டும். கேட்கவேண்டியவை நான்கு: எங்கள் ஊர்க் கடைக்குத் தூரத்தை அளந்தவர் யார், எந்தத் திகதியில் அளந்தார், கடையின் எந்த வாசலிலிருந்து பாடசாலையின் எந்த வாசல்வரை அளந்தார், எந்த வழியாக நடந்தார்.